பிடி அரிசியும் திருவிருந்தும்

வழிபாட்டுக்கென்று ஒதுக்கிய நேரத்துக்கும், உழவு, சமையல், சந்தை, பிள்ளை வளர்ப்பு என்று கழியும் மற்ற நேரத்துக்கும் என்ன உறவு என்னும் கேள்வி எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானதே. ஆயினும் கிறிஸ்தவத்தில் அது கூடுதல் கூர்மையோடு எழுகிறது. அச்சமயத்தின் மையமாகிய இயேசு, வாழ்நாளில் பெரும்பகுதியை நாசரேத் என்னும் சிற்றூரில் தச்சராகக் கழித்தவர்; இறையரசைப் பற்றிப் பேச வந்தபோதும் விதைக்கிறவன், மாவைப் புளிக்க வைக்கும் பெண், காணாமற்போன காசுக்காக வீட்டைப் பெருக்குபவள், கூலிக்கு அழைப்பார் இல்லாமல் சந்தைவெளியில் நிற்பவன் ஆகியோரையே எடுத்துக்காட்டியவர்; தம் சீடர்கள் தொடர்ந்து செய்துவர வேண்டுமென்று அவர் விட்டுச் சென்ற வழிபாடும் ஒரு சாப்பாடுதான். அந்தச் சாப்பாடே திருச்சபைகளில் திருவிருந்து, இராப்போஜனம், நற்கருணை என்று பலவாறு வழங்குகிறது. இப்படித் தோன்றிய ஒரு சமயம் அடுப்படியை மறந்து பீடத்தை மட்டும் போற்றினால் அது தன் வேரையே மறந்ததாகும். இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் மிகத் தெளிவான விடை சொன்னது இறையியல் நூல்களைவிடத் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ச் சபைகளே எனலாம்.

அச்சீமையின் வடமேற்கு விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கருப்பாநதி நீரையும் குளங்களையும் நம்பி வயல்கள் விரிந்திருக்கும் கடையநல்லூர், நெசவுக்குப் பேர்போன ஊர். இஸ்லாமியர் பெருமளவில் வாழும் ஊர். 2019-ல் தென்காசி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் வந்த இவ்வூரைச் சுற்றியும், கிழக்கே சங்கரன்கோவில் வரையிலும் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினரே. 1854-ல் டி. ஜி. ராக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் மூன்று மிஷனரிமார் பங்களா ஏதும் கட்டாமல் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று வடதிருநெல்வேலியில் ஊழியம் செய்யத் தொடங்கினர். ராக்லண்ட் 1858-ல் சிவகாசியில் காலமானார். கூடாரங்கள் நகர்ந்துவிட்ட ஊர்களில் நிலையாகத் தங்கியவர்கள் உபதேசியார்கள், அதாவது குருப்பட்டம் பெறாமல், எழுத்தும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்து, வேலை முடிந்து வந்தவர்களை மாலையில் ஜெபத்துக்குக் கூட்டிய உள்ளூர் ஊழியர்கள். பகல் முழுதும் வரப்பிலும் பனையிலும் கழித்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த அந்த மாலை ஜெபத்தில், அன்றைய வேலையைக் கோயிலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வரும்படி அவர்களிடம் கேட்பது இயலாத காரியம்.

பிடி அரிசிக் காணிக்கை இத்தகைய சபைகளின் வழக்கம். சோறு ஆக்குகிறவர், வீட்டுக்கு வேண்டிய அரிசியை உழக்கால் அளந்தெடுத்தபின், அதைக் களைவதற்கு முன்னால், ஒரு பிடியை அள்ளி, ஒரு சிறு ஜெபத்தோடு தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார். வாரமோ மாதமோ முடிந்ததும் அது சபைக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பிடி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதே. மூட்டையிலிருந்து எடுத்தால் அது இருப்பிலிருந்து கொடுத்ததாகும். உலைக்கென்று அளந்து வைத்ததிலிருந்து எடுக்கும்போது அன்றைய சோறு அந்த அளவுக்குக் குறைகிறது. வேறெவரும் காணாத இந்தக் குறைவு, ஞாயிறு காணிக்கைப் பையில் விழும் நாணயத்தைவிட ஆழமான பலி. மேலும், வீட்டுப் பணம் ஆண்களின் கையில் இருந்த காலத்தில் அரிசிப்பானை பெண்களின் கையில் இருந்தது. ஆகவே யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் தானாகவே கடவுளுக்குக் கொடுக்கக்கூடிய காணிக்கையாக அது அமைந்தது. பல வீடுகளின் அரிசி ஒன்றாகச் சேரும்போது பச்சரிசியும் புழுங்கலும், பழையதும் புதியதும், ரேஷன் அரிசியும் கலந்துபோவதால் ஒரே பதத்தில் வேகாது. விற்றாலும் நல்ல விலை கிடைக்காது. அப்படியிருந்தும் அவ்வழக்கம் நீடித்தது. இதே முறை மிசோராம் மலைகளில் 1910-ல் 'புஃபாய் தாம்' என்ற பெயரில் தொடங்கி, ஏழை மக்கள் தங்கள் திருச்சபையைத் தாங்களே தாங்கிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட வே. ச. அசரியா, கொடுத்தலை நிதி திரட்டும் உபாயமாகக் கருதாமல் வழிபாட்டின் பகுதியாகவே கருத வேண்டுமென்று கற்பித்ததற்குப் பின்னால் இத்தகைய சமையலறைகளின் அனுபவம் இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

அறுப்பின் பண்டிகையும் இவ்வழியில் வருவதே. விளைச்சலின் முதற்பலனை, அதாவது அறுவடையில் முதலில் கைக்கு வருவதை, ஆலயத்தில் படைக்கும் நாள் அது. பீடத்தின் முன் நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் கருப்புக்கட்டியும் முட்டையும், கால் கட்டிய சேவலும் வந்து சேரும். ஆராதனை முடிந்தபின் அவை ஏலம் விடப்படும். சந்தையில் சில ரூபாய்க்கு விற்கும் ஒரு காய் இங்கே பல மடங்கு ஏறுவதும், எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும் வழக்கமான காட்சிகள். பொருளாதாரக் கணக்குக்குப் பொருந்தாத இந்த ஏலம், சந்தை என்னும் அன்றாட அமைப்பையே எடுத்து அதன் நோக்கத்தை மாற்றிவிடுகிறது. குறைந்த விலைக்கு வாங்குவதே திறமை என்றிருந்த இடத்தில் கூடுதல் விலைக்கு வாங்குவது மகிழ்ச்சியாகிறது.

அன்றாடத்தில் கடவுளைக் காண்பது என்னும் கருத்து மேலைத் திருச்சபைக்கும் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அவிலா தெரேசா, ஆண்டவர் பானை சட்டிகளின் நடுவிலும் உலவுகிறார் என்று தம் கன்னியருக்குச் சொன்னார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றின் சமையற்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், ஜெபவேளைக்கும் பாத்திரம் கழுவும் வேளைக்கும் தமக்கு வேறுபாடில்லை என்று வாழ்ந்து காட்டினார். இவர்களின் ஞானம் போற்றத்தக்கது. எனினும் அது பெரும்பாலும் தனிமனித உள்ளத்தைச் சார்ந்தது. உள்ளம் ஒன்றியிருந்தால் எந்த வேலையும் ஜெபமாகும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. தமிழ்ச் சபைகளில் அன்றாடம் பேசப்படும் இன்னொரு வடிவம் சாட்சி சொல்லுதல், அதாவது தன் வாழ்வில் கடவுள் செய்த நன்மையைச் சபைமுன் எழுந்து சொல்வது. வேலை கிடைத்தது, விசா வந்தது, காய்ச்சல் நீங்கியது என்று சொல்வோரின் நன்றி உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆனால் கிடைத்தவர்கள் மட்டுமே எழுந்து பேசும் சபையில், கார் பருவத்தில் தண்ணீர் வராமல் பயிர் கருகியவரின் அன்றாடம் எங்கே போகும்? அத்திமரம் துளிர்க்காமலும் வயல் விளையாமலும் தொழுவம் காலியாகவும் போனபோதும் கடவுளில் மகிழ்வேன் என்று பாடிய ஆபகூக் என்னும் தீர்க்கதரிசிக்கு வேதத்தில் இடம் இருக்கிறது; சாட்சி நேரத்திலும் அவருக்கு இடம் இருந்தாக வேண்டும். வெற்றியை மட்டும் நம்பிக்கையோடு இணைப்பது அன்றாடத்தில் பாதியை வெளியே தள்ளிக் கதவடைப்பதே.

வழிபாட்டுக்கும் அன்றாடத்துக்குமான இணைப்பு இருவகையில் நிகழலாம் என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு காட்டுகிறது. ஒன்று, அன்றாட வாழ்க்கை உவமையாகவும் பாட்டாகவும் வழிபாட்டுக்குள் வருவது. மற்றொன்று, வழிபாடு அன்றாட நடத்தைக்குள் புகுந்து அதை மாற்றுவது. முதல் வகையின் சிகரம் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்று, 1864-ல் மறைந்த அவர், மக்கள் வாயில் புழங்கிய வடிவங்களையெல்லாம் கிறிஸ்துவைப் பாட எடுத்துக்கொண்டார். கடையநல்லூருக்கு அருகிலுள்ள குற்றாலத்தைத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய அதே குறவஞ்சி வடிவத்தில் அவர் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். குறி சொல்லும் குறத்தியும் பறவை பிடிக்கும் சிங்கனும் அதில் விசுவாசத்தையும் ஊழியத்தையும் குறித்து நிற்கிறார்கள். கிணற்றில் ஏற்றம் இறைப்பவர் பாடும் பாட்டும் அவரிடம் ஞான ஏற்றப்பாட்டாயிற்று. தமிழ் மண்ணின் உழைப்பும் தாளமும் தேவாலயத்துக்குள் வர அவர் திறந்த வழி மகத்தானது. அவருடைய கீர்த்தனைகளை விட்டுவிட்டால் இன்றைய தமிழ் ஆராதனையே இல்லை.

அதே சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிமார் சாதி வேற்றுமையின்றி அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற வேண்டுமென்று வற்புறுத்தியபோது, தஞ்சைச் சபையாரோடு நின்று எதிர்த்தார். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி அறவே ஒழிய வேண்டுமென்று சுற்றுமடல் அனுப்பியபோது அங்கே பலர் சபையைவிட்டே விலகினர். சாஸ்திரியாரின் தரப்பிலும் நியாயங்கள் இருந்தன. அந்நியர் தம் பழக்கவழக்கங்களைத் தமிழர்மேல் சுமத்துகிறார்கள் என்ற மனக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் குறத்தியைப் பாட்டில் வரவேற்ற நெஞ்சு பந்தியில் வரவேற்கத் தயங்கியது என்ற உண்மை வலிக்கிறது. அது அவர் ஒருவரின் குறையன்று. நெல்லைச் சீமையின் தெற்கே வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கிளைகளாகப் பிரியும் அமைப்பில் கத்தோலிக்க ஆலயம் கட்டி, ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காணாமலேயே பூசை காண வழி செய்திருந்தார்கள். அக்கிளைகளைப் பிரித்த தடுப்பு 1910-ல் கௌசானல் அடிகளார் காலத்தில்தான் இடிக்கப்பட்டது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் நடத்திய செமினாரியிலும் எல்லாச் சாதி மாணவரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்ற விதியே பெரும் பூசலைக் கிளப்பியது. கோட்பாட்டில் ஒப்புக்கொண்டவர்களைச் சோற்றிலை தடுத்து நிறுத்தியது.

இச்சிக்கல் திருச்சபையின் தொடக்க நாளிலேயே எழுந்தது. கொரிந்து நகரச் சபையார் ஆண்டவரின் விருந்துக்கென்று கூடி, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறார உண்டு குடித்திருக்க, பின்னால் வந்த ஏழைகள் பசியோடு திரும்பினர் என்பதைக் கேள்விப்பட்ட பவுல், நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று கடிந்து எழுதினார். மந்திரத்தில் பிழையென்றோ சடங்கில் குறையென்றோ அவர் சொல்லவில்லை. பக்கத்திலிருப்பவனின் பசியைக் காணாமல் உண்டதே விருந்தைப் பொய்யாக்கிவிட்டது என்பது அவர் தீர்ப்பு.

இந்த இடத்தில்தான் அசனம் என்னும் நெல்லை வழக்கத்தின் பெருமை விளங்குகிறது. ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை போன்ற நாள்களில் சபையார் அனைவரும் அரிசியாகவும் தேங்காயாகவும் பணமாகவும் உழைப்பாகவும் கொடுத்து, ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் உண்பதே அசனம். முந்தின நாள் இரவே ஆலய வளாகத்தில் வேலை தொடங்கிவிடும்: சின்ன வெங்காயம் உரிப்பவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அடுப்புக்குக் கிடங்கு வெட்டுவோரும் விறகு அடுக்குவோரும் அண்டா ஏற்றுவோரும் தத்தம் வேலையில் இருப்பர், விடியும்போது வடித்த சோறு ஓலைப்பாயில் மலையாகக் குவிந்திருக்கும். சேகரம் என்பது பல ஊர்ச் சபைகளைக் கொண்ட ஒரு குருவின் பொறுப்புப் பகுதி. அந்தச் சேகரத்துக் குரு வந்து ஜெபித்த பின்னரே பரிமாறல் தொடங்கும். காலையில் பீடத்தில் அப்பமும் இரசமும் பகிர்ந்தவர்கள் நண்பகலில் தரையில் உட்கார்ந்து சோறும் குழம்பும் பகிர்கிறார்கள். முன்னதில் சொன்னது மெய்தானா என்பதைப் பின்னது சோதிக்கிறது. ஒரு சாதியார் மட்டுமே கூடியுள்ள சபையில் இச்சோதனை நடைபெறுவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரின் இன்னொரு தெருவில் வாழும் கிறிஸ்தவர்களை அழைக்காத அசனம் உறவினர் விருந்தாகவே நின்றுபோகும்.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, 'பரட்டை' என்ற பெயரில் பாடல்கள் இயற்றி, 2005-ல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு இதை 'ஒரு உலை' என்னும் கருத்தாக வளர்த்தெடுத்தார். தமிழ்க் கிராமத்தில் சகோதரர்கள் பாகம் பிரிந்ததற்கு அடையாளம் தனித்தனியே உலை வைப்பது. ஒரே உலையில் உண்பவர்களே ஒரே குடும்பம். ஆகவே கடவுளைப் 'பெற்றவர்' என்று அழைப்பவர்கள் ஒரு உலையில் உண்ண மறுத்தால் அந்த அழைப்புக்குப் பொருளில்லை என்று அவர் வாதிட்டார். தலித் மக்களின் பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டு முறைக்குள் அவர் கொண்டுவந்தபோது சாஸ்திரியார் திறந்த வழியும் சாஸ்திரியார் நின்றுவிட்ட இடத்துக்கு அப்பாலான வழியும் ஒன்றாயின.

பசித்தவருக்கு உணவிடும் அறம் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சி எல்லோருக்கும் வழங்கும் நோன்புக் கஞ்சியையும், கோயில்களில் நடைபெறும் அன்னதானத்தையும் கடையநல்லூர் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. பக்கத்து வீட்டாரின் இந்த நற்பண்பே கிறிஸ்தவச் சபைகளின் விருந்தையும் வளப்படுத்தியது என்று கூறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அசனத்துக்கென்று உள்ள தனித்தன்மை, அதில் கொடுப்பவர் என்றும் பெறுபவர் என்றும் இரு கூட்டம் இல்லாமையே. ஒரு பிடி கொடுத்தவரும் ஒரு மூட்டை கொடுத்தவரும் ஒரே பாயிலிருந்து அள்ளிய சோற்றையே உண்கிறார்கள்.

இன்று பல சபைகளில் அரிசிக்குப் பதில் உறையில் பணமும் கைப்பேசி வழிப் பரிமாற்றமும் வந்துவிட்டன. சமையல் ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது. பந்தியில் உட்காராமல் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உண்பதும் பெருகியுள்ளது. வேலைக்குப் போகும் பெண்கள், வெளியூரில் வாழும் பிள்ளைகள், தள்ளாமை என்று இதற்குக் காரணங்கள் உண்டு. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் சமையலை ஒப்பந்தத்துக்கு விட்டாக வேண்டிய நிலையிலும், பந்தியையும் வெங்காயம் உரிக்கும் முந்தின இரவையும் ஒப்பந்தத்துக்கு விட வேண்டியதில்லை. எந்தத் தெருவிலிருந்து யார் வந்து யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பது அவ்விரண்டு இடங்களில்தான் தெரியவருகிறது. ஆகவே பண்டிகைக் கணக்கைத் தணிக்கை செய்யும் சபைக் குழு, வரவு செலவோடு சேர்த்து அதையும் ஆண்டுதோறும் பார்ப்பது தகும்.