வரத்தில் விடுபட்டவர்கள்

மனிதன் தனக்கு வேண்டுவது இன்னதென்று உண்மையிலேயே அறிந்திருக்கிறானா என்னும் கேள்வியை, வரம் கேட்கும் கதைகளாக அமைத்து நம் புராணங்கள் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கின்றன. ஒரு வியாபார ஸ்தாபனம் தன் வேலைமுறைகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற நிச்சயித்து, அதன் தேவைகளைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கென்றே ஒருவரை அழைத்து உட்கார வைக்கும் அறையிலும் அதே கேள்விதான் எழுகிறது. அதைத் தொழில்நுட்பம் கற்றவர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமென்று ஒதுக்கிவிடுகிறோம். தன்னை அறிதலைப் பற்றியது ஆகையால் அது தத்துவ விசாரத்துக்கே உரிய விஷயம் என்பது என் துணிபு.

வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில், நெடுங்காலம் தவம் கிடந்து, தன் தலைகளில் ஒன்பதை அக்கினிக்கு ஆகுதியாக்கிவிட்டுப் பத்தாவதையும் அறுக்க முற்பட்ட தருணத்தில் பிரமனைத் தன் முன் வரச் செய்த ராவணன், கருடர், நாகர், யக்ஷர், தைத்தியர், தானவர், ராக்ஷஸர், தேவர் ஆகிய எவராலும் தனக்கு மரணம் நேரக் கூடாதென்று கேட்டான். மனிதர் பெயர் அந்த வரிசையில் இல்லை. மறதியால் விடுபட்ட பெயரன்று அது; மனிதர் முதலான பிராணிகள் தனக்குப் புல்லுக்குச் சமானம் என்று அவனே காரணமும் சொன்னான். அவன் தவத்தில் குறையில்லை. கொடுத்தவரின் சக்தியிலும் குறையில்லை. எவரை அவன் ஒரு பொருட்டாக மதிக்கவில்லையோ அவர் பக்கத்தில்தான் அவனுடைய அரண் திறந்து கிடந்தது. அகங்காரம் என்று வேதாந்திகள் சொல்வது வெறும் செருக்கு மாத்திரமன்று. எவரெவரைச் சார்ந்து நாம் நிற்கிறோம் என்பதை நம் கண்ணிலிருந்தே மறைத்துவிடும் சக்தியும் அதுவே.

இந்த மறைப்பு நம் காலத்தில் எப்படி நேர்கிறது என்பதற்கு லண்டன் நகரின் ஆம்புலன்ஸ் சேவை பட்ட பாடு போதிய சாட்சியாகும். அவசர அழைப்பு வந்தால் ஒருவர் அதைப் படிவத்தில் எழுத, அந்தத் தாள் கன்வேயர் பெல்ட்டில் நகர்ந்து செல்ல, எந்த வண்டியை அனுப்புவதென்று அனுபவம் முதிர்ந்தவர்கள் தீர்மானிக்க, இவ்வாறு நடந்துவந்த பழைய முறையை அகற்றி, 1992 அக்டோபர் 26ஆம் தேதி அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்பது இயந்திரத்துக்கு எப்போதும் பிழையின்றித் தெரிந்திருக்கும் என்பதே அத்திட்டத்தின் அஸ்திவாரம். ஆனால் வண்டியிலிருக்கும் சிப்பந்தி, உயிருக்குப் போராடும் ஒருவரைத் தூக்கி ஏற்றும் அவசரத்தில், அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தாமலோ மாற்றி அழுத்தியோ விடுவார். ரேடியோ எட்டாத தெருக்கள் நகரில் இருந்தன. குறிக்கப்பட்ட வண்டியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துச் செல்வதும் உண்டு. இவையெல்லாம் வண்டி ஓட்டியவர்களுக்கு அன்றாடம் தெரிந்த சங்கதிகள். தேவைகளை எழுதிய காலத்தில் அவர்களிடம் யாரும் போதிய அளவு கேட்கவில்லை. அவர்களுடைய பழக்கங்களை, திருத்தப்பட வேண்டிய கோளாறுகளாகவே நிர்வாகம் பார்த்தது. விளைவாக, வண்டிகள் இருக்குமிடத்தை இயந்திரம் தவறாக எண்ணிக்கொண்டது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. வேறிடத்தில் நோயாளிகள் காத்துக் கிடந்தனர். வண்டி வராததால் அவர்கள் மறுபடியும் அழைக்க, அழைப்புகள் பெருகிப் பெருகித் திரையில் வந்த எச்சரிக்கைகள் படிக்குமுன்னே நகர்ந்து மறைந்தன. நவம்பர் 4ஆம் தேதி அதிகாலையில் இயந்திரம் முற்றிலும் நின்றுவிட, மறுபடியும் காகிதத்துக்கே திரும்பினார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு மொத்த வியாபார மண்டியில் முதலாளியிடம் கேட்டால், கடன் தவணை முப்பது நாள், அதற்கு மேல் இல்லை என்று திட்டமாகச் சொல்வார். கணக்குப்பிள்ளையின் மேஜை டிராயரைத் திறந்தால், அறுவடை முடிந்து கொடுப்பதாகச் சொல்லிப்போனவர்களின் கணக்கு, பேரேட்டில் ஏறாமல், ரப்பர் பட்டை போட்ட துண்டுச்சீட்டுக் கட்டாக இருக்கும். முதலாளி பொய் சொல்லவில்லை. தன் கடை எப்படி நடக்க வேண்டுமென்று அவர் நினைக்கிறாரோ அதைச் சொன்னார். கடை எப்படி நடக்கிறது என்பது டிராயருக்குள் இருக்கிறது.

அப்படியானால் ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் போகிறது என்று சிலர் சொல்லக்கூடும். உள்ளேயும் வெளியேயும், பகலிலும் இரவிலும், நிலத்திலும் ஆகாயத்திலும், மனிதனாலும் மிருகத்தாலும், எந்த ஆயுதத்தாலும் மரணம் கூடாதென்று வரம் கேட்ட இரணியன் விதிக்காத நிபந்தனை இல்லை. அவனைக் கொன்ற நரசிம்மம் வந்ததோ நிபந்தனைகளின் இடுக்கு வழியே. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளுக்காகத் தொடங்கிய கம்ப்யூட்டர் திட்டத்தின் தேவைப் பத்திரம் 800 பக்கங்களைத் தாண்டியது. சுமார் 17 கோடி டாலர் செலவான பின் 2005இல் அத்திட்டத்தையே கைவிட்டார்கள். பக்கங்களின் எண்ணிக்கை ஞானத்தின் அளவாகாது.

இவ்விஷயத்தில் கேட்பவனைக் காட்டிலும் கேட்டு எழுதிக்கொள்பவரின் பொறுப்பு பெரிதென்றே எனக்குத் தோன்றுகிறது. ராவணன் கேட்டதைக் கேட்டபடியே பிரமன் கொடுத்தார். கடோபநிஷத்தின் யமன் அப்படிச் செய்யவில்லை. தன் வீட்டில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்த நசிகேதஸுக்கு மூன்று வரங்கள் தருவதாக அவன் சொன்னபோது, அந்தச் சிறுவன் முதலில் கேட்டது என்ன? தந்தையின் கோபம் தணிய வேண்டும். அவர் மனம் நிம்மதி அடைய வேண்டும். தான் திரும்பிச் செல்லும்போது அவர் தன்னை அடையாளம் கண்டு ஏற்க வேண்டும். தன்னை மரணத்துக்குக் கொடுத்துவிட்ட அந்தத் தந்தையை அவன் தன் வரத்திலிருந்து விலக்கிவிடவில்லை. பின்பு, இறந்தவன் இருக்கிறானா இல்லையா என்னும் மூன்றாவது கேள்வியை அவன் கேட்டவுடன், யமன் விடை சொல்லாமல், நூறாண்டு வாழும் புத்திரரையும் பௌத்திரரையும், யானைகளையும் குதிரைகளையும், பொன்னையும் பரந்த பூமியையும், விரும்புமளவு ஆயுளையும் அவன் எதிரில் வைத்து, இவற்றில் ஒன்றைக் கேள் என்றான். இவை நாளை அழிபவை என்று சொல்லி நசிகேதஸ் மறுத்த பிறகுதான், நன்மையான சிரேயஸ் என்றும் இன்பமான பிரேயஸ் என்றும் பிரித்துக் காட்டும் உபதேசம் தொடங்குகிறது. மாற்றுகளைக் கண்முன் வைத்து, அவற்றைக் கண்டபின்னும் விருப்பம் நிலைத்து நிற்கிறதா என்று பொறுமையாய்ப் பார்ப்பதே கேட்டு எழுதிக்கொள்பவரின் தர்மம். வாய் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நேர்மை போலத் தோன்றும். பாதி வேலையை விட்டுவிட்டு முழுக்கூலி கேட்பதுதான் அது.

லண்டனில் பின்பு வந்தவர்கள் அவசரப்படவில்லை. சிப்பந்திகளைக் கலந்து, அவர்களிடம் மாதிரிகளைக் காட்டிக் கருத்துக் கேட்டு, சிறிது சிறிதாகக் கட்டி, 1996இல் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். அது நன்றாகவே வேலை செய்தது.