கொலைக்களத்தில் நின்றவர்கள்

சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவுக்கு யார் காரணம் என்று கேட்டால் போதும், எங்கள் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டில் எல்லாக் கையும் மேலே போகும். பாண்டியன் என்பார்கள், பொற்கொல்லன் என்பார்கள், ஊழ்வினை என்பார்கள். வாய்த்துடுக்குள்ள பிள்ளை ஒன்று, "மாதவி வீட்டுக்குப் போனானே, அவனேதான்" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைக்கும். எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்த விடைகள். போட்டித் தேர்வுக் கைடுகளும் 3 காண்டம், 30 காதை, 16-ஆவது கொலைக்களக் காதை என்று எண்ணிக் கொடுத்துவிடுகின்றன. அந்த 16-ஆவது காதைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் கைகள் இறங்கும்.

வழக்குரை காதையை நான் வேகமாக நடத்திவிடுவேன். 1964-இல் வந்த 'பூம்புகார்' படத்தின் வசனத்தை யூடியூபில் பார்த்துவிட்டு வந்து இன்றைய பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். அங்கே நான் சேர்ப்பதற்கு அதிகமில்லை. நான் தங்குவது அதற்கு முன்னால், கோவலன் வெட்டுப்படும் இடத்தில். கொல்லச் சொன்ன அரசன் அங்கே இல்லை. ஊடி இருக்கும் தேவியைச் சமாதானம் செய்யப் போகிற வழியில் உத்தரவு போட்டுவிட்டு அவன் போய்விட்டான். களத்தில் இருப்பவர்கள் பொற்கொல்லனும், சில ஊர்க்காவலர்களும், எதுவும் தெரியாத கோவலனும்.

காவலர்கள் முதலில் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள் என்பேன். ஆளைப் பார்த்ததுமே, இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். மனசுக்குள் நினைத்துக்கொள்ளவில்லை, வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். திருடர்களின் சாமர்த்தியம் உங்களுக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடனுக்கு 8 துணை உண்டு என்று அடுக்குகிறான். அதோடு விடவில்லை. தூதன் மாதிரி வாசலில் இருந்து, இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, தூங்குகிற இளவரசன் கழுத்து ஆரத்தைக் கழற்றிக்கொண்டு போனவனின் கதையைச் சொல்கிறான். நல்ல கதை. கோவலனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்துப் பேசுகிறவன் வேல் பிடித்த ஓர் இளம் காவலன். இந்தக் காப்பியத்தில் எனக்கு மிகவும் வேண்டிய பாத்திரம் அவன்தான், பெயர்கூடக் கிடையாது. மழைக்கால நள்ளிரவில், ஊர் உறங்கும்போது, நீல உடையும் கையில் உளியுமாக ஒருவன் எதிரே வந்ததாகவும், தான் வாளை உருவ, வந்தவன் அந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டதாகவும் சொல்கிறான். திருடர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை, விட்டால் அரசன் நம்மைச் சும்மா விடமாட்டான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று மற்றவர்களைப் பார்க்கிறான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கல்வியறிவில்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான்.

அந்தக் கேள்விக்கும் வெட்டுக்கும் நடுவில் இருக்கிற நொடியைப் பிள்ளைகளோடு பேசத்தான் எனக்கு ஆசை. ஒரு தடவை பட்ட அவமானமும் பயமும் மனசில் கிடக்கிறது. இன்று எதிரே நிற்பவன் அந்தத் திருடன் இல்லை என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் அந்த மழை இரவுக்கான கணக்கு இவன் மேல் ஏறுகிறது. அப்புறம் முடிவைத் தான் எடுக்காமல் கூட்டத்தின் முன்னால் போட்டுவிடுகிறான். கூட்டத்தில் யோசிக்கிறவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, யோசிக்காதவன் முடித்துவிடுகிறான்.

போலீஸ்காரர் மகள் ஒருத்தி இந்த இடத்தில் எழுந்தாள். "அவனைத் தப்பு சொல்லாதீங்கம்மா. மேலிடத்து உத்தரவு. ஆள் சரியில்லைன்னு திரும்பிப் போய்ச் சொன்னா இவனைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க. டூட்டி பார்க்கிறவங்க கஷ்டம் வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது." அப்பாவின் இரவு ரோந்தைப் பார்த்து வளர்ந்தவள். லேசில் தள்ளிவிடக் கூடிய வாதமும் இல்லை. இளங்கோவே அந்தப் பயத்தை அவன் வாயில் வைத்திருக்கிறார். ஆனால் அரசன் போட்ட உத்தரவு நிபந்தனையோடு வந்தது. தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் என்றுதான் சொன்னான். இருப்பது தேவியின் சிலம்புதானா என்று பார்த்தது யார்?

கடைசி பெஞ்சில் ஒரு பையன். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக நகைப் பட்டறை. அதிகம் பேச மாட்டான். அன்று பேசினான். "ரிப்பேருக்கு நகை வந்தா எடை போட்டு, சீட்டு எழுதித்தானேம்மா வாங்குவோம்? அரண்மனையில எடை எழுதி வச்சிருக்க மாட்டாங்களா? உள்ள என்ன பரல்னு பார்க்கச் சிலம்பை உடைக்கவே வேண்டாம். ஒண்ணுல முத்து, இன்னொண்ணுல மாணிக்கம். மாணிக்கம் கனம் ஜாஸ்தி. தராசுல வச்சாலே தெரிஞ்சிருக்கும்." நான் படித்த உரைகளில் இப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததில்லை. அரசன் அவையில் சிலம்பு உடைபட்டு மாணிக்கம் தெறிப்பதை எத்தனையோ மேடைகளில் நடித்துக் காட்டியாயிற்று. உடைக்காமலேயே தெரிந்துகொண்டிருக்கக் கூடிய உண்மை அது என்பது பட்டறை வீட்டுப் பிள்ளைக்குத்தான் தோன்றுகிறது. இரண்டு சிலம்பையும் அறிந்த ஒரே நிபுணன் களத்தில் இருந்தான், அவனே திருடன். ஆளை மதிப்பிட்ட காவலர்கள் பொருளை மதிப்பிடும் வேலையை அவனிடம் விட்டுவிட்டார்கள்.

2018-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்த வந்தவர்கள் என்று நினைத்து ஊருக்குப் புதிதாக வந்தவர்களை அடித்த சம்பவத்தை இன்னொரு பெண் நினைவுபடுத்தினாள். வாட்ஸ்அப்பில் வந்த கதைகளை நம்பி ஒரு வயதான பெண்மணியைக் கொன்றேவிட்டார்கள். அங்கேயும் அப்படித்தான்: கதை வேறு யாரைப் பற்றியோ, அடி எதிரே நின்றவர்களுக்கு.

இனி ஊழ். இங்கே வகுப்பு சூடாகும். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. கலிங்கத்தில் சிங்கபுரம், கபிலபுரம் என்று பகை கொண்ட இரண்டு ஊர்கள். சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்த பரதன் என்பவன், கபிலபுரத்திலிருந்து பொருள் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலை செய்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலறித் திரிந்து, மலையேறி உயிர்விடும்போது சபிக்கிறாள். அந்தப் பரதன்தான் இந்தக் கோவலன்.

"அப்ப இந்தப் பொற்கொல்லன் அடுத்த பிறவியில சிலம்பு விக்கப் போய் மாட்டுவானா?" என்றான் ஒருவன். கிண்டலாகத்தான் கேட்டான், கேள்வி கிண்டலானது இல்லை. வினைதான் கொன்றது என்றால் குடிகாரக் காவலன் வெறும் கருவி. பாண்டியனும் கருவி. பிறகு அவன் ஏன் சாக வேண்டும்?

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு, வகுப்பில் அதைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் ஏற்க வேண்டும் என்பதில்லை. தெய்வம் இந்தக் கதையை எப்போது, யாரிடம் சொல்கிறது? பாண்டியன் உயிர் போன பிறகு, மதுரை பற்றியெரிந்த பிறகு, இழந்தவளிடம் சொல்கிறது. பாண்டியன் காதில் அது விழவே இல்லை. தன் தவறு தெரிந்த கணத்தில், கள்வன் தானே என்று தீர்ப்பு எழுதிக்கொண்டு அவன் விழுந்துவிட்டான். எல்லாம் அவன் முன்வினை, நான் என்ன செய்வேன் என்று கைகழுவ வாய்ப்பே தராமல் இளங்கோ அவனைச் சாகவிடுகிறார். கண்ணகிக்கு அந்தக் கதை ஆறுதலாகலாம். பாண்டியன் அதையே சொல்லியிருந்தால் சாக்காகியிருக்கும்.

அதே காதையில் வார்த்திகன் கதையும் வருகிறது. பாண்டி நாட்டுத் திருத்தங்காலில் வார்த்திகன் என்று ஒரு அந்தணன். அவன் பையன் கையில் நல்ல நகைகள் இருப்பதைப் பார்த்த அரசு ஊழியர்கள், அரண்மனைப் புதையலைக் கவர்ந்துவிட்டான் என்று தகப்பனைச் சிறையில் போடுகிறார்கள். உண்மையில் பராசரன் என்பவன் பையனுக்குப் பரிசாகக் கொடுத்த நகைகள் அவை. ஐயை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. அன்றைய பாண்டியன் என்ன பிழை நேர்ந்தது என்று விசாரிக்கிறான், வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்கிறான், திருத்தங்காலையும் வயலூரையும் கொடுக்கிறான். நகை, அதிகாரிகளின் அவசரம், பொய்க் குற்றச்சாட்டு எல்லாம் அச்சாக அதேதான். ஒரு தடவை தப்பித்த ஆபத்து என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வார்த்திகன் சிறைக்குப் போனதால் விசாரிக்க நேரம் இருந்தது. கோவலனுக்கு அதுவும் இல்லை.

நான் அதிகம் யோசிப்பது குற்ற உணர்ச்சி இந்தக் காப்பியத்தில் போய்ச் சேருகிற இடங்களைப் பற்றி. நீர்ப்படைக் காதையில், கங்கைக் கரையில் சேரன் செங்குட்டுவனுக்கு மாடலன் என்ற அந்தணன் எல்லாவற்றையும் சொல்கிறான். கண்ணகிக்கு இடம் கொடுத்த இடைக்குல மூதாட்டி மாதரி, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் இறங்கிவிட்டாள். அவர்களோடு வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பில் உயிர்விட்டார். செய்தியைப் புகாருக்குக் கொண்டுபோன மாடலனோ, தன் வாயால் கேட்டவர்கள் இறந்துபோனார்களே என்று அந்தப் பாவம் தீரக் கங்கை ஆட வந்திருக்கிறான். செய்தி சொன்னவனுக்கே அந்த உறுத்தல். மோர் விற்றுப் பிழைத்த கிழவிக்கு அந்த உறுத்தல். வெட்டியவன் என்ன ஆனான்? கேள்வி கேட்டுவிட்டு நின்ற இளைஞன் என்ன ஆனான்? ஒரு வரிகூடக் கிடையாது.

பொற்கொல்லனைப் பிடித்து விசாரித்துத் தண்டித்த காட்சியும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடக்கிறது, பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர்கள் 1000 பேரை ஒரே பகலில் பலி கொடுக்கிறான். மாடலனும் சொல்கிறான், உரைபெறு கட்டுரையும் சொல்கிறது. பாண்டி நாட்டில் அதற்கு முன் மழை இல்லை, நோய் இருந்தது; பலிக்கும் விழாவுக்கும் பிறகு மழை பெய்தது என்று வருகிறது.

வகுப்பில் பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பலர் பட்டறைப் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்ற பழமொழி நம் ஊரில் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது. ஒருவன் செய்ததை ஒரு சாதியின் கணக்கில் எழுதுவது செழியனோடு முடிந்த பழக்கம் இல்லை என்று பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

கண்ணகியையும் செழியனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்த ஆத்திரத்தில், மார்பைத் திருகி எறிந்த வேகத்திலும், அவள் தீக்கடவுளுக்கு விலக்குப் பட்டியல் கொடுக்கிறாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள். அந்தப் பட்டியலிலும் நமக்குக் கேள்விகள் உண்டு; இருக்கட்டும். தீயவர் பக்கம் போ என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியிருக்கிறது. செழியன் ஆத்திரத்தில் இல்லை. மழை வேண்டி, முறைப்படி, விழா எடுத்துச் செய்கிறான். அவனிடம் விலக்கு எதுவும் இல்லை. கோபத்தைவிட நிதானம் அறமானது என்று நாம் பொதுவாக நம்புகிறோமே, அந்த நம்பிக்கை இந்த இடத்தில் எனக்கு ஆடிப்போகிறது. இளங்கோ இதைக் கண்டிக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. அவருக்கு அது உறுத்தவில்லையா, உறுத்தியதால்தான் எண்ணிக்கையோடு எழுதி வைத்தாரா என்பதில் எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் ஓயாத சண்டை.

அடுத்த வாரம், கொலைக்களத்தில் நின்ற யாராவது ஒருவராக இருந்து ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். போலீஸ்காரர் மகள் இளம் காவலனாக எழுதினாள். அவள் காவலன் அரண்மனைக்கு ஓடுகிறான். தேவியின் ஊடல் தீரவில்லை, இப்போது உள்ளே விடமுடியாது என்று வாயிலோன் நிறுத்திவிடுகிறான். பட்டறைப் பையன் களத்தை விட்டு வெளியே போயிருந்தான். பொற்கொல்லனைக் கோவலன் முதலில் தெருவில் சந்திக்கும்போது அவன் பின்னால் 100 பொற்கொல்லர்கள் நடந்து வருவதாகக் காப்பியம் சொல்லும். அந்தக் கூட்டத்தில் கடைசியாக வரும் வேலை கற்கும் சிறுவன் இவன். முதலாளி புதுச் சிலம்பைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தபோது, இவனும் பக்கத்தில் நின்றவர்களும் அந்த மணிக்கட்டு இறங்கியதைப் பார்த்தார்கள். கனம் வேறு என்று தெரிந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"அப்ப அத்தனை பேரையும் கொன்னது சரிதானா?" என்று அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தெருவுல நடந்ததே 100 பேரு. மீதி 900 பேரு யாரு?" என்றான். "அந்த 100 பேரும் கேக்காம இருந்தது தப்புதான். அதுக்காகக் கழுத்தை வெட்டுவியா? நடுவுல எவ்வளவோ இருக்கு."

"என்ன இருக்கு? சொல்லு."

பட்டறையை மூடலாம், தொழிலை விட்டு விலக்கலாம், ஊரை விட்டு அனுப்பலாம், கண்ணகி வீட்டாருக்கு ஈடு கொடுக்கச் சொல்லலாம் என்று அவன் விரல் விட்டு எண்ண, அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி, அதை யாரு விசாரிச்சு முடிவு பண்றது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.