துளைகள்

பிளக் கழற்றிய துளைக்குள் டார்ச் அடிக்கிறேன். இடது பிஸ்டன் பாதி வழியில் நிற்கிறது. அதன் தலையில் துரு, தூசி.

டீசல் ஊற்றுகிறேன். ஊற வேண்டும்.

*

யமஹா ஆர்டி 350. ராஜ்தூத் என்ற பெயரில் எஸ்கார்ட்ஸ் 1983 முதல் இங்கே செய்த வண்டி. 347 சிசி, இரண்டு சிலிண்டர். ரோட்டுக்காகப் பிறந்தது. யாரோ விளக்கையும் கிக்கரையும் ஆயில் பம்பையும் கழற்றிவிட்டு, சோழவரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

டேங்கில் பச்சை. தேய்த்தால் வெள்ளை. அதற்கும் கீழே ஓர் எண்ணின் வளைவு. மூன்றா, எட்டா.

தேய்ப்பதை நிறுத்துகிறேன்.

*

ஊறுகிறது.

*

கிராங்க் ஒரு முடியளவு இடம் கொடுக்கிறது. சுத்தியலைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறேன்.

மாலையில் பிஸ்டன் கையோடு வருகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாகக் கீறல்கள். வலது பிஸ்டனில் ஒன்றுமில்லை.

ஒரு பக்கம் மட்டும் ஏன்.

காயில் தட்டுக்குப் பின்னால், கிராங்கின் இடது முனையில், ஆயில் சீல். நகத்தால் அழுத்துகிறேன். அமுங்கவில்லை. ரப்பர் கல்லாகியிருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் மூச்சு விடும் இடம். பிஸ்டன் ஏறும்போது அது உள்ளே இழுக்கிறது. தளர்ந்த சீலின் உதட்டோரமாகக் காற்று நுழைகிறது. பெட்ரோலின் பங்கு குறைகிறது. சூடு ஏறுகிறது. அலுமினியம் வீங்கி, இரும்புச் சுவரில் அப்பிக்கொள்கிறது.

நேர்பாதையில், முழு வேகத்தில் நடந்திருக்கும். ஓட்டியவரின் இடது கை கிளட்சைத் தேடியிருக்கும்.

*

சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. அதில் பல பத்தாண்டுகள் பந்தயம். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது.

*

புதுப்பேட்டையில் பிஸ்டன் கிடைக்கிறது. 0.50 ஓவர்சைஸ்.

லேத்துக்காரர் முதலில் சிலிண்டர் போருக்குள் விரலை விட்டுத் தடவுகிறார். அளவுகோலை அப்புறம்தான் எடுக்கிறார்.

*

போர் போட்டு வந்த சிலிண்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.

ஹெட்டில் வால்வு இல்லை. வால்வை அசைக்கும் கேமும் இல்லை. சுவரில் துளைகள். வருவதும் போவதும் அவற்றின் வழியேதான். பிஸ்டன் மூடுகிறது, திறக்கிறது.

எக்ஸாஸ்ட் துளையின் மேல் விளிம்பைப் பந்தயத்துக்காக யாரோ அரத்தால் உயர்த்தியிருக்கிறார்கள். அரம் போன தடம் விரலுக்குத் தெரிகிறது. இடதும் வலதும் ஒன்றுபோல இல்லை.

ஓர் இரவு வேலை என்று தோன்றுகிறது. மங்கலான பல்பு. மறுநாள் பந்தயம். வெறும் ஊகம்.

*

ரிங்கின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் சின்னதாக ஒரு முள். ரிங் சுழன்று துளையில் மாட்டாதபடி அது பிடித்துக்கொள்கிறது.

முள்ளைப் பார்த்து மாட்டுகிறேன்.

வெளியே காக்கை.

*

கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருக்கிறது.

தின்னரில் ஊறிய பைலட் ஜெட்டை எடுத்து ஊதி, வானத்துக்கு நேராகப் பிடிக்கிறேன். இருட்டு.

மறுபடி ஊறல். மறுபடி ஊதல்.

ஊசிமுனை அளவுக்கு வானம்.

*

சைலன்சரைத் தட்டினால் வெறும் தகரம். விரியும் கூம்பு, வயிறு, சுருங்கும் கூம்பு, மெலிந்த வால். உள்ளே ஒன்றுமில்லை.

கிழக்கு ஜெர்மனியில், எம்இசட் பட்டறையில், வால்டர் காடன் 1950களில் இந்த ஒன்றுமில்லாததைத்தான் அளந்துகொண்டிருந்தார். புகையோடு ஓர் அழுத்த அலை ஓடுகிறது. விரியும் கூம்பு உறிஞ்சுகிறது. சுருங்கும் கூம்பு திருப்பி அனுப்புகிறது. தவறி வெளியே வந்த புதுக் கலவையை, துளை மூடுவதற்குள், அலை உள்ளே தள்ளிவிடுகிறது. சரியான வேகத்தில் மட்டும். மற்ற வேகங்களில் அது இடைஞ்சல்.

1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பினார். அடுத்த ஆண்டு சுசுகி 50 சிசி உலகப் பட்டம் வென்றது. ஓட்டியவர் டெக்னர்.

ஒரு தகரக் குழாயின் வடிவம், எல்லை தாண்டிப் போயிருக்கிறது.

உள்ளே ஊதிப் பார்க்கிறேன். கரித்தூள் முகத்தில் படிகிறது.

*

பிஸ்டன் உச்சிக்கு வர 2 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். டயல் கேஜின் முள் நடுங்குகிறது. மூச்சை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது.

*

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி ஆயில். ஆமணக்கில் செய்த ரேஸ் ஆயில்.

மூடியைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை. வயிறு ஒரு கணம் பயந்துபோகிறது. உடம்புக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

*

கிக்கர் இல்லை. தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

ஷெட்டுக்கு வெளியே மண் ரோடு. வெயில் இன்னும் வரவில்லை. இரண்டாவது கியர். கிளட்ச் பிடித்தபடி.

ஓடுகிறேன். பக்கவாட்டில் சீட்டில் விழுந்து கிளட்சை விடுகிறேன். பின்சக்கரம் அடம்பிடித்து, பிறகு உருள்கிறது. உறிஞ்சும் சத்தம் மட்டும்.

நின்று மூச்சு வாங்குகிறேன். வேப்பம்பூ மணம்.

மறுபடி. வலது பக்கம் ஒரு வெடிப்பு. இன்னொன்று. இடைவெளி. இடதும் சேர்கிறது.

முழங்காலில் அதிர்வு. நீலப் புகை. கை தானாக ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, விடுகிறது. சத்தம் ஏறி இறங்குகிறது.

அலை திரும்பி வரும் வேகத்தை அது இன்னும் தொடவில்லை. புது பிஸ்டன். அவசரமில்லை.

நாய் ஒன்று எழுந்து போகிறது.

*

நிறுத்துகிறேன்.

காது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

சூடு ஆறியபின் பிளக்குகளைக் கழற்றுகிறேன். இடது பழுப்பு. வலது கருப்பு, ஈரம். வலது கார்ப்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே விட வேண்டும்.