நூறாவது பறவை

ஒருவன் தன் ஊர்க் குளத்தையும் அதனை அடுத்த வயல்வெளியையும் எல்லையாக வகுத்துக்கொண்டு, அங்கே காணும் பறவையினங்களைப் பல்லாண்டுகளாகக் குறித்து வருகின்றான். ஒருநாள் அக்கணக்கு நூறாகின்றது. அவன் உள்ளம் பூரிக்கின்றது. அப்பூரிப்பு அறிவு வளர்ந்ததால் எழுந்ததா, உடைமை பெருகியதால் எழுந்ததா என்பது சிந்தித்தற்குரியது.

கில்பேட் வைற் என்னும் ஆங்கிலேய மதகுரு, தாம் பிறந்த செல்போண் என்ற சிற்றூரிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, அவ்வூரின் உயிரினங்களை ஆராய்ந்தவர். அவரது நூல் 1789 இல் வெளிவந்தது. உருவில் ஒன்றுபோலத் தோன்றும் சிறு குருவிகள் உண்மையில் மூன்று இனங்கள் என்பதை, அவற்றின் குரல் முதலிய வேறுபாடுகளைக் கொண்டு 1768 இல் அவர் தெளிவுபடுத்தினார். ஊருக்குப் புதிய பறவை எதுவும் வந்துவிடவில்லை. எனினும் கணக்கு கூடிற்று. கூடியது உடைமையன்று, கவனமே.

ஆயினும் இத்தகைய கணக்குக்குக் கூட்டல் மட்டுமே தெரியும்; கழித்தல் தெரியாது. குளம் தூர்க்கப்பட்டு நீர்க்கோழிகள் அகன்றபின்னரும், வீட்டு முகட்டில் கூடுகட்டிய அடைக்கலங்குருவிகள் அருகியபின்னரும், நூறு நூறாகவே நிற்கும். மாரிக்கு இந்தியாவிலிருந்து நம் நாட்டுக்கு வரும் ஆறுமணிக்குருவி, இவ்வாண்டும் தவறாது வந்தது என்ற செய்தி அவ்வெண்ணில் ஒன்றையேனும் கூட்டுவதில்லை. வராதொழிந்தால் ஒன்றையேனும் குறைப்பதுமில்லை. ஆகவே நூறு என்பது பார்த்தவனைப் பற்றிய உண்மையேயன்றி, ஊரைப் பற்றிய உண்மையன்று.

எண்ணும் இன்பம் இல்லையெனில் வைகறையில் எழுந்து குளக்கரைக்குச் செல்வார் யார் என ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. எண் மனிதனை வெளியே அழைத்துச் செல்கின்றது. அதனை இகழ்தல் தகாது. ஆனால், அவ்வாறு சென்றவன் பெறுவது எண்ணிலும் பெரிதான ஒன்று. பெயரறியாதவனுக்குப் பறவைகள் ஒவ்வொன்றாய் மறைந்தாலும் எதுவும் குறைவதில்லை. நூறு பெயரறிந்தவனுக்கோ ஒவ்வொரு மறைவும் இழப்பாகின்றது. அவ்விழப்பை உணரவல்லவனே அதனை ஊருக்கு உரைக்கவும் வல்லவன்; குளத்தைத் தூர்க்க மண் வந்திறங்கும்போது வாய்திறக்கும் கடமையும் முதலில் அவனையே சாரும்.

எனவே, நூறாவது பறவையைக் கண்டவன் நூற்றோராவதைத் தேடுகின்றானா என்பது பெரிதன்று. முதலாவதாகக் குறித்த பறவை இன்னும் அங்கே உளதா என்று அவன் மறுநாளும் சென்று பார்க்கின்றானா என்பதே பெரிது.