பின்னால் இருப்பவரே, பிடியுங்கள்!

யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தைக்கு விடியற்புறம் வெங்காயம் கொண்டுபோகும் கமக்காரரைப் பாருங்கள். மூடையை மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் ஏற்றி, பழைய ரியூப் வாரால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஒருதரம் ஆட்டியும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின்னேரம் அதே சீற்றில் அவருடைய மனைவி கோயிலுக்குப் போகிறார். இரண்டு காலும் ஒரே பக்கம். மடியில் அர்ச்சனைத் தட்டு. ஒரு கை தட்டில், மற்றக் கையில் போன். வெங்காயத்துக்குக் கிடைத்த காவல் மனுசிக்குக் கிடைக்கவில்லை.

உடுவில் ஒழுங்கைகளில் நாள்தோறும் காணும் இந்த இருப்பை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நாய் குறுக்கே பாய்ந்தது, மாடு குறுக்கே வந்தது, பின்சீற்றில் இருந்த பெண் விழுந்து இறந்தார் என்ற செய்தி எங்கள் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. ஓட்டியவர் பலவேளை சிராய்ப்புக் காயத்தோடு தப்பிவிடுவார். அவர் கையில் ஹான்டில் இருந்தது. பின்னால் இருந்தவர் கையில் ஒன்றுமே இருக்கவில்லை.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்குள் 11 மீற்றர் கடந்துவிடும். பிறேக் பிடிக்கப்போவது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும்; அவர் உடம்பு இறுகிக்கொள்ளும். உங்களுக்கோ அது அடித்த பிறகுதான் தெரியும். "நாங்கள் மெல்லமாய்த்தானே போறம்" என்கிறீர்களா? வேகமே வேண்டாம். நிற்கிற வண்டியில் இருந்தாலும் உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிடரி அடிபட விழுந்தால், தலை தார் றோட்டில் மோதும் வேகம் மணிக்கு 19 கிலோமீற்றருக்குக் குறையாது.

ஆகவே இப்படி இருங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு, பாதங்களைக் கால்மிதியில் வையுங்கள். முழங்கால்களால் ஓட்டுபவரின் இடுப்பை மெல்ல அணையுங்கள். ஒரு கை அவருடைய இடுப்பில் இருக்கட்டும், மற்றக் கை சீற்றுக்குப் பின்னால் உள்ள கம்பியில் இருக்கட்டும். வண்டி திடீரென்று பாய்ந்தால் உடம்பு பின்னுக்குச் சரியும், இடுப்பில் உள்ள கை காக்கும். பிறேக் பிடித்தால் உடம்பு முன்னுக்குப் போகும், கம்பியில் உள்ள கை இழுத்து நிறுத்தும். ஒன்று மட்டும் போதாது.

தோளைப் பிடிக்காதீர்கள். உங்கள் பாரம் அவருடைய கைவழியாக ஹான்டிலுக்கு இறங்கி வண்டியை ஆட்டும். சேட்டைப் பிடிப்பதும் பிடியல்ல; துணி கையோடு வந்துவிடும். முடக்கில் அவர் சாயும் பக்கமே நீங்களும் சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் வளைந்தால் வண்டி அவர் சொற்கேளாது. நிற்கும்போது காலை நிலத்தில் ஊன்ற அவசரப்படாதீர்கள். அது ஓட்டுபவரின் வேலை.

இதில் தெரியாதது ஒன்றுமில்லை. தடுப்பது கூச்சம். மச்சானின் வண்டி, பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டி, கந்தோரில் கூட வேலை செய்பவரின் வண்டி. இடுப்பைப் பிடித்தால் சனம் என்ன கதைக்கும்? தங்கச்சி, இடுப்பைத் தொட மனமில்லையென்றால் இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடித்துக்கொள். அதற்கும் மனமில்லையென்றால் அந்த வண்டியில் ஏறாதே. பெண்பிள்ளையைப் படிக்க விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று தாய் தகப்பன் தயங்கிய காலத்தில், 1824 இல், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஊர் உடுவில். ஊர்வாய்க்குப் பயந்து அன்று எல்லாரும் கதவைச் சாத்தியிருந்தால் இன்றைக்கு உடுவில் மகளிர் கல்லூரி இல்லை. இருநூறு வருசத்துக்கு முன்னர் அந்தப் பயத்தைத் தாண்டியவர்களின் பேத்திகளுக்கு, ஒரு கம்பியைப் பிடிக்க என்ன வெட்கம்?

சாறி உடுத்தால் ஒருபக்கமாகத்தான் இருக்க முடியும் என்பீர்கள். அப்படியென்றால் வலக்கை ஓட்டுபவரின் இடுப்பில், இடக்கை பின்கம்பியில்; மடியில் எந்தச் சாமானும் வேண்டாம்; வண்டியும் ஊர்ந்தே போகட்டும். தலைப்பை முன்னுக்கு எடுத்து இடுப்பில் செருகுங்கள். சால் போட்டவர்கள் அதன் இரண்டு நுனியையும் முன்னால் முடியுங்கள். 1927 செப்ரெம்பர் 14 இல், பிரான்சின் நீஸ் நகரில், உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் உயிர் போனது கழுத்தில் போட்டிருந்த நீளச் சால்வை காரின் சில்லில் சுற்றியதால்தான்.

எங்கள் றோட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவை. அந்நாட்டின் 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123 ஆவது விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, உடுப்புச் சிக்காமல் பின்சில்லின் அரைவாசியையாவது மறைக்கும் காப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. வடிவுக்காக அந்தக் காப்பையும் கம்பியையும் கழற்றி வைத்திருக்கும் தம்பிமாரே, இன்றைக்கே திருப்பிப் பூட்டுங்கள். பூட்டும்வரை பின்சீற்றில் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் இருப்பவருக்கும் எங்கள் நாட்டில் கட்டாயம். பொலிசைக் கண்டால் போடுவதற்கும், கையில் கொழுவிக்கொண்டு போவதற்கும் அது அலங்காரப் பொருளல்ல. தலைக்கவசம் சாவின் ஆபத்தை 42 வீதத்தாலும் தலைக்காயத்தின் ஆபத்தை 69 வீதத்தாலும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாடிப்பட்டியைப் பூட்டாவிட்டால் விழும்போது முதலில் கழன்று பறப்பது அதுதான்.

பிள்ளையை மடியில் வைத்து ஒருபக்கமாக இருக்கும் தாய்மாருக்குக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் இரண்டு கையும் பிள்ளையில். உங்களைப் பிடிக்க யார்? நீங்கள் விழுந்தால் பிள்ளையும் உங்களோடு விழும். கால்மிதிக்குக் கால் எட்டாத, தானாகப் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் ஏற்றதல்ல. கே.கே.எஸ். வீதியில் பஸ் ஓடுகிறது. இணுவிலிலும் சுன்னாகத்திலும் றெயில் நிற்கிறது. சந்திக்குச் சந்தி ஓட்டோ நிற்கிறது. அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பிள்ளையைப் பணயம் வைக்காதீர்கள். பிள்ளை நித்திரை தூங்கினால் எந்த வயதானாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

கடைசியாக, ஓட்டுபவர்களே, பின்னால் இருப்பவர் உங்கள் முதுகை நம்பி ஏறியவர். அவர் ஏறி, கால் வைத்து, பிடிக்கும் மட்டும் கிளச்சை விடாதீர்கள். மேடு வந்தால், முடக்கு வந்தால் முன்கூட்டியே குரல் கொடுங்கள். ஆச்சியையோ அப்புவையோ ஏற்றியிருந்தால் இன்னும் மெல்லப் போங்கள். நாளைக்குக் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றும்போது, வண்டியை எடுக்க முன்னர் "பிடிச்சிட்டியா பிள்ளை?" என்று கேளுங்கள். "ஓம் அப்பா" என்று பதில் வராவிட்டால், மணி எத்தனையானாலும் வண்டியை எடுக்காதீர்கள்.