பட்டறையும் பாலாலயமும்

சாலைக்கென்று செய்யப்பட்ட வேகமான நான்கு கதவுக் கார் ஒன்று பந்தயத் தடத்தில் மட்டுமே ஓடும் வண்டியாக மாற்றப்படும்போது, இறுதியில் நிற்பது பழைய கார்தானா, அல்லது அதன் கூட்டைக் கொண்டு செய்த வேறொரு பொருளா என்னும் வினா, பட்டறைக்காரரைக் காட்டிலும் தருக்க நூலாருக்கே உரியதாகத் தோன்றலாம். ஆனால் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அது ஏட்டளவில் நிற்கும் வினாவாக இருந்ததில்லை. பாசிர் கூடாங்கில் 1986இல் திறக்கப்பட்ட 3.86 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடம், 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயை நடத்தியதோடு, கார்களுக்கான நிலையான தடம் எதுவும் இல்லாத சிங்கப்பூரிலிருந்தும் ஓட்டுநர்களை வரவழைத்தது. அத்தகைய தடத்துக்கென வீட்டுக் காரைக் களைந்து மாற்றி அமைக்கும் கலையோ, பொருளின் அடையாளம் எதில் தங்கியிருக்கிறது என்ற பழைய வழக்கை ஒவ்வொரு வண்டியிலும் புதிதாக எழுப்புகிறது.

மாற்றத்தின் முதற்படி களைதல். பின்னிருக்கை, தரைவிரிப்பு, குளிரூட்டி, ஒலிபெருக்கி, கதவின் உட்பலகை ஆகியவற்றோடு, ஒலியையும் அதிர்வையும் அடக்குவதற்காகத் தரைத்தகட்டில் ஒட்டியிருக்கும் தார்ப்பட்டைகளும் வெளியேறுகின்றன. இப்பட்டைகளை உலர்பனியால் இறுகச் செய்து சுத்தியலால் தட்டி உதிர்ப்பது பட்டறை வழக்கம். அடுத்து வருவது, வண்டி உருண்டாலும் ஓட்டுநர் அமர்ந்துள்ள இடம் நசுங்காமல் காக்கும் உருக்குக் குழாய்க் கூண்டு. இதனை ‘ரோல் கேஜ்’ என்பர். அனைத்துலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதிகள் இதன் முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உடைய இணைப்பற்ற குழாயைக் குறைந்த அளவாக வரையறுக்கின்றன. பின்னர், உடலை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் ஒற்றை இருக்கை, ஆறு முனைகளில் பூட்டும் வார், தீயணைப்புக் கருவி, வெளியே நிற்பவரும் மின்சாரத்தைத் துண்டிக்கத்தக்க விசை, பள்ளக்கோடு இல்லாத டயர் ஆகியவை சேர்கின்றன. இவற்றுள் பலவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். கூண்டைப் பற்றவைத்த பின்னரோ திரும்புதல் அரிது. தலைக்கவசம் அணிந்த ஓட்டுநரைக் காக்கும் அதே குழாய், கவசமின்றி அமரும் பயணியின் தலையைச் சிறு விபத்திலும் பிளந்துவிடக்கூடும்.

இதே மாநிலத்தின் பட்டறைகளில் இதனினும் சிக்கலான இன்னொரு வழக்கமும் உண்டு. 1993இல் வெளிவந்த புரோட்டான் வீரா, மிட்சுபிஷி லான்சரின் உடலமைப்பை அடிப்படையாகக் கொண்டது. 1992 முதல் வெளிவந்த லான்சர் எவலூஷன் வரிசையின் முதல் மூன்று வடிவங்களும் அதே உடலமைப்பில் எழுந்தவை. ஆகவே 4ஜி63 எனப்படும் எவலூஷனின் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் வீராவுக்குள் இயல்பாக அமர்ந்துவிடுகிறது. அந்த எஞ்சின் பெரும்பாலும் ‘ஹாஃப்-கட்’ வழியாக வருகிறது. அதாவது, ஜப்பானில் ஆயுள் முடிந்ததாகக் கழிக்கப்பட்ட கார் நடுவே அறுக்கப்பட்டு, எஞ்சின், கியர்ப்பெட்டி, முன்சக்கர அமைப்பு, கருவிப்பலகை ஆகியவற்றோடு கூடிய முற்பாதி மட்டும் உதிரிப்பாகமாக இறக்குமதியாகிறது. முழுக் காரை இறக்குமதி செய்ய அரசின் தனி அனுமதி வேண்டும். பாதிக் கார் சட்டத்தின் கண்ணில் காரே அன்று. எத்தனை பாகங்கள் சேர்ந்தால் ஒரு பொருள் அப்பெயருக்குரியதாகிறது என்ற வினாவுக்குச் சுங்க விதி தன்னளவில் விடை கூறிவிட்டது எனலாம்.

கிரேக்க மரபில் இவ்வினா தீசியஸின் கப்பலாக அறியப்படுகிறது: பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்பது அது. கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது உண்மையானது என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதனைக் கூர்மையாக்கினார். இந்திய மரபுகளோ கப்பலை விட்டுத் தேரை எடுத்துக்கொண்டன. வேகத்துக்காகச் செய்த ஊர்தி என்பதால் இவ்விடத்துக்கு அவை இன்னும் நெருங்கியவை.

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தோ-கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நிகழ்ந்த உரையாடலாக அமைந்த மிலிந்த பஞ்ஹ என்னும் பாலி நூலில், மன்னன் வந்த தேர் எது என்று துறவி வினவுகிறார். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகமும் தேரன்று. இவை சேர்ந்த கூட்டத்துக்கு வழக்கில் இடப்பட்ட பெயரே தேர், மனிதனும் அவ்வாறே என்பது அவர் முடிவு. மறுபிறப்பில் ஓர் ஆன்மா பெயர்ந்து செல்வதில்லை என்பதை விளக்கவும், ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்படும் உவமையை அந்நூல் கையாள்கிறது. ஜப்பானில் பின்பாதி குப்பையாகி, முன்பாதி ஜொகூரில் வேறொரு வண்டிக்குள் ஓடத் தொடங்கும் காருக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் கிடைப்பது கடினம்: எந்த உயிரும் கடல் கடக்கவில்லை, ஆயினும் ஓட்டம் தொடர்கிறது. ஆனால் பௌத்த விடைக்கு ஒரு குறை உண்டு. எஞ்சின் எண்ணெயை மாற்றுவதும் வண்டியையே பந்தயக் காராக்குவதும் அதற்கு ஒரே வகைப் பெயர்மாற்றமாகிவிடுவதால், இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர்க்கு அது ஏதும் தருவதில்லை.

மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டபோது அவர்களுள் ஒருவனாக நின்ற வைசேடிகவாதியின் மரபும், அதனோடு பின்னர் இணைந்த நியாய மரபும் நேர்மாறான விடையைக் கொண்டவை. உறுப்புகள் அவயவம், அவை சேர்ந்து எழும் முழுப்பொருள் அவயவி, அவயவி உறுப்புகளின் கூட்டம் மட்டுமன்று, தனக்கென இருப்புடைய தனிப்பொருள் என்பது இவர்கள் கொள்கை. இதன் விளைவு வியப்பானது: ஆடையிலிருந்து ஒரு நூல் உருவப்பட்டால் பழைய ஆடை அழிந்து, சற்றுச் சிறிய புதிய ஆடை தோன்றுகிறது. இக்கணக்கின்படி, பின்னிருக்கையைக் கழற்றிய கணத்தில் ஒரு கார் அழிந்து மற்றொன்று பிறக்கிறது; தார்ப்பட்டைகளை உதிர்க்கும் ஒரு பிற்பகலில் மட்டும் நூறு கார்கள் தோன்றி மறையும். துல்லியமான கொள்கைதான், ஆயினும் பௌத்தர் எல்லா மாற்றத்தையும் பெயரளவாக்கியதைப் போலவே, இவர்கள் எல்லா மாற்றத்தையும் பிறப்பிறப்பாக்கிவிட்டதால், முக்கியமான மாற்றம் எது என்ற வினா இங்கும் விடையின்றியே நிற்கிறது.

சட்டம் தன் விடையை எண்ணில் வைத்திருக்கிறது. மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவேட்டில் சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியின் பெயராக நிற்கின்றன. எஞ்சினை மாற்றுவோர் ஒப்புதல் பெற்று அப்பதிவைத் திருத்த வேண்டும். ஜொகூரைச் சிங்கப்பூருடன் இணைக்கும் கடற்பாலத்துக்கு அப்பால் இது இன்னும் அப்பட்டமானது. 1990இல் சிங்கப்பூர் கொண்டுவந்த உரிமைச் சான்றிதழ் முறையில் காரின் வாழ்நாள் 10 ஆண்டு. சான்றிதழ் புதுப்பிக்கப்படாவிட்டால், ஒரு திருகாணியும் தேயாத வண்டியும் சாலையைப் பொறுத்தவரை இறந்துவிடுகிறது. நிருவாகத்துக்கு இது போதும்; மெய்ப்பொருள் ஆய்வுக்குப் போதாது.

இவ்வினாவுக்குத் தமிழர் கையில் இன்னொரு விடை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அது நூலாசிரியர்களின் வாதமாக இல்லாமல் சிற்பியும் சிவாச்சாரியாரும் சேர்ந்து நடத்தும் செயல்முறையாக இருப்பதாலேயே தத்துவ வரலாறுகளில் அரிதாகப் பேசப்படுகிறது. ஜொகூர் பாருவில் 1922இல் எளிய குடிலாகத் தொடங்கிய இராஜகாளியம்மன் கோயில், இன்று சுவரும் தூணும் கூரையும் கண்ணாடித் துண்டுகளால் மின்னும் கண்ணாடிக் கோயிலாக நிற்கிறது. குடிலின் கீற்றில் ஒன்றும் எஞ்சவில்லை. ஆயினும் அது வேறு கோயில் என்று அங்கு வழிபடும் எவரும் சொல்வதில்லை.

இதற்கான இலக்கணத்தை ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் என்னும் பகுதியில் வகுத்துள்ளன. சிதைந்த கோயிலைப் புதுப்பிக்கும் முறை அது. திருப்பணி தொடங்குமுன் மூலத்திருமேனியில் உள்ள தெய்வ ஆற்றல் கலாகர்ஷணம் என்னும் சடங்கால் குடத்துநீருக்கு ஈர்க்கப்பட்டு, பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சிறுகோயிலில் நிறுவப்படுகிறது. திருப்பணிக் காலம் முழுவதும் நாள்வழிபாடு அங்கே நடைபெறும். பெரிய கட்டடம் அதுவரை கல்லும் சுண்ணாம்புமே. பணி முடிந்தபின் குடமுழுக்கின் வழியாக ஆற்றல் திரும்புகிறது. குடமுழுக்கும் ஒரே வகையன்று: புதிய கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம், இருந்த கோயிலைப் புதுப்பித்துச் செய்வது புனராவர்த்தம், நெடுநாள் கைவிடப்பட்டதற்கும் தீட்டு நேர்ந்ததற்கும் வேறு இரண்டு உண்டு. ஆக, எவ்வளவு கல் மாறியது என்று ஆகமம் கேட்பதில்லை. எந்தப் பணிக்காகப் பொருள் நின்றதோ அப்பணி இடையறாமல் தொடர்ந்ததா என்பதே அதன் கேள்வி.

இவ்வளவுகோலைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் எதிர்பாராத முடிவு கிடைக்கிறது. எஞ்சின், கியர்ப்பெட்டி, பிரேக், கருவிப்பலகை யாவும் ஹாஃப்-கட்டிலிருந்து வந்த ஒரு வீரா, இன்றும் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தைப்பூசத்தன்று குடும்பத்தைக் கோயிலுக்கு ஏற்றிச் செல்லுமாயின், அதன் பொருளில் பெரும்பகுதி மாறியிருந்தும் அது பழைய காரே; நிகழ்ந்தது புனராவர்த்தம். தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சினையே இன்றும் தாங்கி, இருக்கைகள் நீங்கிக் கூண்டு மட்டும் ஏறிய மற்றொரு வீராவோ, பொருளளவில் மிகக் குறைவாக மாறியிருந்தும் வேறு காராகிவிட்டது. அதற்கு நிகழ்ந்தது ஆவர்த்தம். மிகுதியாக மாறியது அதுவாகவே இருக்க, சிறிதே மாறியது வேறாகிறது.

கோயிலில் தெய்வம் உறைகிறது, காரில் யார் உறைகிறார் என்ற மறுப்பு எழலாம். மறுப்பு நேர்மையானதே, சைவ சித்தாந்தமும் உடல், கருவி, உலகு, நுகர்பொருள் என்னும் நான்கையும், அதாவது தனு கரண புவன போகங்களை, மாயையிலிருந்து வந்த அறிவற்ற பொருள்களாகவே வைக்கிறது. ஆனால் அதே சித்தாந்தம் அவை உயிரின்பொருட்டுத் தரப்பட்டவை என்றும் கூறுவதால், அறிவற்ற பொருளின் தன்மை அதனைக் கொள்ளும் உயிரை நோக்கியே நிற்கிறது என்பதும் உடன் பெறப்படும். புதிய கார் வாங்கியவுடன் கோயில் வாசலில் நிறுத்திச் சக்கரத்தின்கீழ் எலுமிச்சை வைத்துப் பூசை செய்யும் மலேசியத் தமிழர் வழக்கத்திலும், வேண்டப்படுவது அதில் செல்வோரின் நலமே.

நான்கு கதவும் பின்னிருக்கையும் கொண்ட கார், தன் வடிவத்திலேயே பிறருக்கு இடம் வைத்த பொருள். அது இல்லறத்தான் வண்டி. பந்தயக் காராக்கும்போது கழிவது எடை என்று பட்டறை கணக்கிடுகிறது; உண்மையில் கழிவது பிறரின் இடம். இதனைத் துறவுக்கு ஒப்பிடும் ஆசை எழுவது இயல்பு: குளிர்ச்சி, இசை, மென்மை யாவும் நீங்கி, வெற்றுத் தகடும் வெப்பமும் மட்டுமே எஞ்சுகின்றன. ஆனால் திருக்குறளின் துறவறவியலில் துறவு அதிகாரத்துக்குப் பின் மெய்யுணர்தலும் அவா அறுத்தலும் வரிசையாக நிற்பது தற்செயலன்று. அவாவை அறுக்காத களைதல், வள்ளுவர் வைத்த வரிசையில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு சுற்றில் அரை நொடியைக் குறைப்பதற்காகத் தரைவிரிப்பை விட்டவர் எதையும் துறக்கவில்லை. பல ஆசைகளை விற்று ஒன்றை வாங்கியிருக்கிறார்.

எனினும் இம்மாற்றத்தை வெறும் ஆசையின் பெருக்கமென்று தள்ளிவிடுவதும் முறையாகாது. குறையுடைய பொருள் பெரும்பாலும் மாற்றத்துக்கு முந்தைய காரே. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேக வரம்புள்ள நாட்டில், அதனை இருமடங்காக மீறவல்ல வண்டி, தனக்குரிய இடத்தில் தன் ஆற்றலைக் காட்ட முடியாததாகவும், காட்டினால் உடன்படாத அயலாரின் உயிரைப் பணயம் வைப்பதாகவும் இருக்கிறது. பந்தயத் தடத்திலோ, ஓடுவோர் அனைவரும் இடரை அறிந்து ஏற்றவர்கள். வண்டிகள் ஓடுமுன் சோதிக்கப்படுகின்றன. இருக்கைக்கும் வாருக்கும்கூடக் காலாவதி ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. பின்னிருக்கையை அகற்றுதல் அன்பின் குறைவைக் காட்டுவதைவிட, இந்த இடரில் மற்றவருக்குப் பங்கில்லை என்ற ஒப்புதலையே மிகுதியாகக் காட்டுகிறது. துறவு என்ற பெயருக்கு அது தகுதியற்றதாயினும் இன்னா செய்யாமைக்கு அயலானதன்று.

இவ்வளவுகோல் எளிதில் தீர்க்காத வண்டி ஒன்றும் உண்டு. மலேசிய ஓட்டுநர் கரம்ஜித் சிங், 2002இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி வாகையர் பட்டத்தைப் புரோட்டான் பெர்ட் என்னும் காரில் வென்றார். அது மிட்சுபிஷி லான்சர் எவலூஷனே, பெயர் மட்டும் புரோட்டானுடையது. பொருள் மாறாமல் பெயர் மாறிய அரிய நிகழ்ச்சி. அது நிற்க, ராலிக் கார் என்பதே கூண்டும் வாரும் பூண்டும், பந்தயக் கட்டங்களுக்கிடையே எண்பலகையுடன் பொதுச்சாலையில் மற்றவர்களோடு விதிகளுக்குட்பட்டு ஓடவேண்டிய வண்டி. அதன் இரண்டாம் இருக்கையில் வழிகாட்டி அமர்கிறார். கூண்டு ஏறியதால் கார் வேறாகிவிட்டது என்று கொண்டால் சாலையில் அது செல்லும் உரிமைக்கு விளக்கமில்லை. சாலைப்பணி தொடர்கிறது என்று கொண்டால் கூண்டுக்கு விளக்கமில்லை. ஒரே கருவறைக்குள் இரு மூர்த்தங்கள் வழிபடப்படும் கோயில்களை ஏற்ற ஆகம மரபு இதற்கும் இடமளிக்கும் எனலாம். ஆனால் அவ்வாறு கொண்டால், பணி ஒன்று என்ற முற்கோளைத் தளர்த்தி, ஒரு பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளும், ஆதலால் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களும் ஒரே காலத்தில் இருக்கலாம் என்று ஏற்க வேண்டிவரும். நியாய மரபினரான நையாயிகர் அதனை ஒருபோதும் ஒப்பமாட்டார்.