கல் நத்தையும் மண் பசுவும்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து ஓடைக்கரைகளில், மழை அரித்துவிட்ட மண்ணின்மேல் சுருண்டு கிடக்கும் கற்களைப் பொறுக்குகிறவர், ‘இது எந்த நத்தை?’ என்று கேட்பதற்கு முன், ‘இது நத்தைதானா?’ என்று கேட்டுக்கொள்வது நலம். சுருள் ஒரே தளத்தில் அமைந்து, உடைந்த முகத்தில் குறுக்குச் சுவர்கள் வரிசையாகத் தெரியுமானால், அது அநேகமாகக் கண்டகி நதிச் சாளக்கிராமத்துக்கு உறவான அம்மோனைட். கூம்பாக உயர்ந்து, உள்ளே தடுப்பின்றி ஒரே குழலாகச் செல்வதே பெரும்பாலும் நத்தை.

சங்கடம் அதன் பிறகுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடு இன்றும் நிலைத்திருக்க, நத்தையின் ஓடோ அரகொனைட் என்னும் எளிதில் கரையும் சுண்ணத்தாலானமையால், பல இடங்களில் முற்றும் கரைந்தொழிந்து, உள்ளே புகுந்து இறுகிய சேறு மட்டுமே உள்வார்ப்பாக எஞ்சுகிறது. தென்னிந்தியக் கிரெட்டேஷியஸ் நத்தைகளைப் பற்றி 1868-இல் பெருநூல் முடித்த ஸ்டாலிச்கா போன்றோர் இனம் பிரிக்கக் கைக்கொண்ட வரி, முடிச்சு, வாயின் விளிம்பு முதலிய லட்சணங்கள் ஓட்டோடு போய்விட்டன. நத்தையின் ஓர் அணுவும் இல்லாத இந்தக் கல்லுக்கு நத்தை என்னும் பெயர் செல்லுமா?

சொல்லின் பொருள் வியக்தி (தனிப்பொருள்), ஆகிருதி (வடிவம்), ஜாதி (பொதுத்தன்மை) என்னும் மூன்றுமே என்று நிறுவும் நியாய சூத்திரம், மண்ணால் செய்த பசுவை எடுத்துக்காட்டி, அதற்கு வியக்தியும் ஆகிருதியும் இருந்தும், பசுத்தன்மையாகிய ஜாதி இன்மையால், நீர் தெளித்தல் முதலிய கிரியைகள் அதற்குப் பொருந்தா என்கிறது. கல் நத்தையையும் அவ்வாறே தள்ளிவிடலாமென்று சிலர் கூறக்கூடும். எனக்கு அது சம்மதமில்லை. மண் பசுவின் வடிவம் குயவன் மனத்தில் பிறந்தது; கல்லின் வடிவமோ, உயிரோடிருந்த ஒரு நத்தை தன் உடம்பு தங்குவதற்குக் கட்டிய அறையிலிருந்தே வந்தது. ஆதலின் இது போலியன்று. நெருப்புக்குப் புகை லிங்கம், அதாவது ஊகித்தறிய உதவும் அடையாளம், ஆவது போல், நத்தைக்கு இது லிங்கம். ஆனால் எரிவது வேம்பா, வேலமா என்பதைப் புகை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது (மூக்குக் கூர்மையானவர் வழக்காடலாம்); லிங்கம் தாங்கும் அளவே அனுமானம் செல்லும்.

ஆகவே, சேகரிக்கும் அன்பர்களே, கல்லைக் கண்ட இடத்தையும் பாறை அடுக்கையும் சீட்டில் விரிவாக எழுதுங்கள். உள்வார்ப்பு மட்டுமே கிடைத்ததாயின் பேரினத்தோடு நிறுத்தி, சிற்றினப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விடுங்கள். கருடமங்கலத்துச் சுண்ணக்கல்லில் ஓடு கரையாத நத்தைகள் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அவ்விடம் வெறுமையாக இருப்பதே முறை.